பம்பு அடிக்க ஒரு வகுப்பா?

கேள்வி: வணக்கம் சிஸ்டர். எனக்கு 36 வயது. பேர்ணாம்பட்டு பக்கம் ஊர், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் பிரிவில் வேலை. ஐந்து வருடமாக வீசிங் இருக்கிறது. வந்தால் பக்கத்து டாக்டரிடம் ஒரு ஊசி, மூன்று நாள் மாத்திரை, சரியாகிவிடும். போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கி, பேசக்கூட முடியாமல் போய், வேலூருக்குக் கார் வைத்துக் கூட்டி வந்தார்கள். ஆஸ்துமா என்று சொல்லி இரண்டு பம்பும் (இன்ஹேலர்) ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து ஓபிக்கு வரச் சொன்னார்கள், போனேன். "மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்துமா வகுப்பு இருக்கு, இருந்துட்டுப் போங்க" என்றார்கள். காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன், அன்றைய சம்பளமும் போச்சு, இதில் வகுப்பு வேறா என்று கிளம்பிவிட்டேன். பம்பு அடிப்பதை யூடியூபில் பார்த்துக்கொண்டேன். அடுத்த முறை போனபோது டாக்டர் கோபித்துக்கொண்டார். நீல பம்பு அடித்தால் உடனே கேட்கிறது, இன்னொன்றில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் நிறுத்திவிட்டேன். பம்பு பழகினால் விடாது என்று மாமியார் வேறு பயமுறுத்துகிறார். ஏழு வயது மகளுக்கும் ராத்திரியில் இருமல். அந்த வகுப்புக்குக் கட்டாயம் போக வேண்டுமா?

பதில்: போங்கம்மா. ஆனால் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறவள் ஏன் என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஓபி வாசலில் நின்று "அடுத்து, அடுத்து" என்று சத்தம் போடுகிற ஆளுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது.

நான் டாக்டர் இல்லை, நர்ஸ். நெஞ்சக நோய் ஓபியில் பதினெட்டு வருடம், அதில் கடைசிப் பதினொரு வருடம் நீங்கள் தப்பித்துப் போனீர்களே, அதே மாதிரி வகுப்பை எடுப்பதுதான் வேலை. கிளம்பிப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. விடியற்காலை பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, ரத்தப் பரிசோதனை வரிசை, பணம் கட்டும் வரிசை, மருந்து வரிசை எல்லாம் முடித்து, நாலு நிமிடம் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது ஒருத்தி வந்து "வகுப்புக்கு வாங்க" என்றால் எனக்கே எரிச்சல் வரும்.

வகுப்பு என்ற பேர்தான் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். கரும்பலகையில் நுரையீரல் படம் போட்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள் என்று தோன்றும். உண்மையில் நடப்பது வேறு: ஒரு பெஞ்சில் ஆறேழு பேர், கையில் அவரவர் பம்பு, ஒவ்வொருவராக என் முன்னால் அடித்துக் காட்ட வேண்டும், நான் பார்ப்பேன், தப்பைத் திருத்துவேன், மறுபடி அடிக்கச் சொல்வேன். பேச்சு பாதிதான் இருக்கும்.

ஆரம்பத்தில் நானும் பேசிக்கொண்டுதான் இருந்தேன். குடியாத்தத்திலிருந்து லுங்கி நெய்கிற பெரியவர் ஒருவர் வருவார். அவருக்கு எழுதியிருந்தது பம்பு இல்லை, மாத்திரை மாதிரியே இருக்கும் கேப்ஸ்யூலை ஒரு கருவியில் போட்டு இழுக்கிற வகை. நான் அழகாக விளக்கினேன், அவரும் அழகாகத் தலையாட்டினார், "புரிஞ்சுதா ஐயா" என்றால் "புரிஞ்சுதும்மா" என்பார். இரண்டு மாதம் கழித்தும் இளைப்பு அப்படியே. டோஸைக் கூட்டலாமா என்ற பேச்சு வரைக்கும் போனது. ஒரு நாள் ஏதோ தோன்றி, "ஐயா, எப்படிப் போடறீங்க, காட்டுங்க" என்றேன். பையிலிருந்து கேப்ஸ்யூலை எடுத்தார், என் மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார், முழுங்கிவிட்டார். இரண்டு மாதமாக அதைத்தான் செய்திருக்கிறார். அந்தக் கருவி பிரிக்கப்படாமல் வீட்டில் சாமி அலமாரியில் இருந்ததாம். தப்பு அவருடையது இல்லை. புரிந்ததா என்று கேட்டால் எந்தப் பெரியவர் நர்ஸம்மா முகத்துக்கு நேரே புரியவில்லை என்பார்? அன்றிலிருந்து அந்தக் கேள்வியையே நான் கேட்பதில்லை. காட்டுங்கள், அவ்வளவுதான்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. ஆஸ்துமாவுக்கு உலக அளவில் வழிகாட்டுதல் எழுதும் ஜினா என்ற அமைப்பு இருக்கிறது, 1993-லிருந்து இயங்குகிறது. நூற்றுக்கு எழுபது எண்பது பேர் வரைக்கும் பம்பைச் சரியாக அடிப்பதில்லை என்று அவர்கள் எழுதுகிறார்கள். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இதில் சேர்த்திதான். டாக்டர்களிலும் நர்ஸ்களிலும் கூட நிறையப் பேருக்கு வராது, புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன்களை அடித்துக் காட்டச் சொல்லி நான் சிரித்திருக்கிறேன். பெரியவர்களுக்கு நடத்தும் ஆஸ்துமா வகுப்புகளைப் பற்றிய ஆய்வுகளை மொத்தமாகத் தொகுத்துப் பார்த்தபோதும் இதேதான் தெரிந்தது. வெறும் தகவல் சொல்லி அனுப்பிய வகுப்புகளால் ஆஸ்பத்திரியில் சேர்வது குறையவில்லை. தன் நிலையைத் தானே கவனிக்கக் கற்றுக்கொடுத்து, எப்போது என்ன செய்வது என்று தாளில் எழுதிக் கொடுத்து, திரும்பத் திரும்ப வரவழைத்துச் சரிபார்த்த இடங்களில்தான் குறைந்தது. யூடியூப் உங்களுக்குக் கொடுத்தது அந்த முதல் வகை. வீடியோவை நீங்கள் பார்த்தீர்கள், அது உங்களைப் பார்க்கவில்லையே.

சரி, உங்கள் பம்புக்கு வருவோம். நீங்கள் எப்படி அடிக்கிறீர்கள் என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது, ஆனால் பெஞ்சில் தினமும் பார்க்கும் தப்புகளைச் சொல்கிறேன், உங்களோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள். குலுக்காமல் அடிப்பது. அடிப்பதற்கு முன்னால் மூச்சை முழுதாக வெளியே விடாதது (உள்ளே இடம் இருந்தால்தானே மருந்து போகும்?). அழுத்திவிட்டு அப்புறம் இழுப்பது, அல்லது இழுத்து முடித்துவிட்டு அழுத்துவது. வாசனை பிடிக்கிற மாதிரி சுருக்கென்று இழுப்பது. பம்பு வகைக்கு மெதுவாக, நீளமாக, நாலைந்து விநாடி இழுக்க வேண்டும், கேப்ஸ்யூல் வகைக்கோ நேர் எதிராக வேகமாக, பலமாக இழுக்க வேண்டும், ஒன்றைப் பழகிவிட்டு இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் இதில் குழம்பிப்போவார்கள். பிறகு மூச்சை அடக்காமல் உடனே விட்டுவிடுவது. மனசுக்குள் பத்து எண்ணும் வரை அடக்கினால் மருந்து உள்ளே படியும். முடியாதவர்கள் முடிந்த வரைக்கும். இரண்டு பஃப் எழுதியிருந்தால் பட் பட்டென்று இரண்டையும் சேர்த்து அடிப்பதும் தப்பு, ஒன்றை முடித்து, அரை நிமிடமாவது கழித்து, மறுபடி குலுக்கி, அடுத்ததை அடிக்க வேண்டும்.

அந்த பிளாஸ்டிக் டப்பா, அதுதான் ஸ்பேசர், அதை நீங்கள் உபயோகிப்பதாக எழுதவே இல்லை, அலமாரிக்குப் போய்விட்டது என்று நினைக்கிறேன். எடுங்கள். பம்பிலிருந்து மருந்து சீறிக்கொண்டு வரும், நேராக வாயில் அடித்தால் பெரும்பகுதி தொண்டையில் மோதி அங்கேயே நின்றுவிடும். நடுவில் டப்பா இருந்தால் அதற்குள் வேகம் தணிந்து பொடிப் பொடியாக நிற்கும், நீங்கள் நிதானமாக இழுத்துக்கொள்ளலாம், அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும் என்ற தலைவலியும் போய்விடும். தொண்டைக் கரகரப்பும், வாயில் வெள்ளையாகப் படர்வதும் குறையும். (நீலம் இல்லாத அந்த இன்னொரு பம்பை அடித்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், அதற்கும் இதே காரணம்தான்.) டப்பாவை அவ்வப்போது சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைக்காமல், அப்படியே காயவிடுங்கள். துணியால் அழுத்தித் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்தை உள்சுவரில் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். வாங்க வசதியில்லாத இடத்தில் 500 மில்லி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டுப் பொருத்தினாலே போதும் என்று தென் ஆப்பிரிக்காவில் குழந்தைகளை வைத்துச் செய்து பார்த்து 1999-ல் எழுதினார்கள், கடையில் விற்கும் டப்பாவுக்குக் கிட்டத்தட்ட ஈடாக வேலை செய்தது. அவசரத்துக்கு நாங்களும் செய்து கொடுத்திருக்கிறோம்.

இப்போது உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பயம் தந்த வரி. "நீல பம்பு உடனே கேட்கிறது, இன்னொன்றில் ஒன்றும் தெரியவில்லை, நிறுத்திவிட்டேன்."

கோடையில் பாலாற்றுப் பாலத்தில் போகும்போது கீழே பாருங்கள், மணல்தான், ஆறே செத்துவிட்ட மாதிரி கிடக்கும். இரண்டு முழம் தோண்டினால் ஈரம் இருக்கும். உங்கள் மூச்சுக்குழாயும் அப்படித்தான். வீசிங் இல்லாத நாளிலும் உள்சுவரில் வீக்கம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, மேலே தெரியாது. பசை நெடியோ, போகிப் புகையோ, ஒரு ஜலதோஷமோ வந்து தொட்டால் போதும், குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, சளியும் சேர்ந்து, ராத்திரி இரண்டு மணிக்கு உட்காரவைத்துவிடும். (ஆஸ்துமா விடியற்காலை இரண்டிலிருந்து நாலு மணிக்குள் மோசமாவது உங்களுக்கு மட்டும் நடப்பது இல்லை, அது அந்த நோயின் குணம்.) நீலத்தில் பெரும்பாலும் இருப்பது சால்புட்டமால், அது இறுகிய தசையைச் சில நிமிடத்தில் தளர்த்தும், நாலைந்து மணி நேரம் தாங்கும், ஆனால் வீக்கத்தைத் தொடவே தொடாது. வீக்கத்தை ஆற்றுவது அந்த இன்னொன்று, பியூடெசனைடு மாதிரியான ஸ்டீராய்டு. அடித்தவுடன் ஒன்றும் தெரியாது, தெரியவும் கூடாது, அதன் வேலை தெரிய ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். பலன் எப்படித் தெரியும் என்றால், ராத்திரி எழுந்திருக்காமல் தூங்கினோமே என்று ஒரு நாள் காலையில் திடீரென்று உறைக்கும், அப்படித்தான்.

2019-ல் ஜினா தன் வழிகாட்டுதலையே மாற்றியது: பெரியவர்களுக்கும் விடலைப் பிள்ளைகளுக்கும் நீலத்தை மட்டும் கொடுத்து ஆஸ்துமாவை நடத்தக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் பல வருடம் நாங்களும்தான் "எப்பவாவது வந்தா நீலம் போதும்" என்று சொல்லி அனுப்பினோம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு 200 பஃப் கொண்ட நீல பம்பு மூன்றோ அதற்கு மேலோ தீர்க்கிறவர்களுக்குத் திடீரென்று மோசமாகும் அபாயம் கூடுகிறது, மாதம் ஒன்று தீர்த்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. நீங்கள் எத்தனை தீர்த்தீர்கள்? மருந்துக்கடை பில்லை எண்ணிப் பாருங்கள். இப்போது சிலருக்கு இரண்டு மருந்தும் சேர்ந்த ஒரே பம்பை எழுதி, தினமும் அதையே, இளைத்தாலும் அதையே அடிக்கச் சொல்கிறார்கள். உங்களுக்கு அது பொருந்துமா என்பது டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, மறக்காமல் கேளுங்கள். அதுவரைக்கும் நிறுத்திய பம்பை, சீட்டில் எழுதியபடி, இன்று ராத்திரியே மறுபடி தொடங்குங்கள்.

மாமியார் சொல்வதற்கு வருகிறேன். அவர் பாதி சரி. பழகிப்போகிற பம்பு ஒன்று உண்டு, அது நீலம்தான், உடலுக்கு அடிமைத்தனம் என்று இல்லை, உடனே சுகம் கொடுக்கிறது, அதனால் கை அதையே தேடும். அவர் பயப்படுவது தப்பான பம்பைப் பார்த்து. ஸ்டீராய்டு என்றதும் வீட்டில் ஒரு கலக்கம் வரும், அதற்கு நான் பெஞ்சில் போடும் கணக்கு இது: பியூடெசனைடு ஒரு பஃப் 200 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஐந்து வருடமாக வாங்கி முழுங்கிய பொட்டலத்தில் பிரட்னிசலோன் 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று இருந்தால் அது 10,000 மைக்ரோகிராம். எடைக்கு எடை ஐம்பது பஃப். இரண்டின் வீரியமும் ஒன்றில்லை, அதனால் இதை அப்படியே தராசாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் மாத்திரையும் ஊசியும் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும், பம்பு மருந்து பெரும்பாலும் போக வேண்டிய இடத்தில்தான் வேலை செய்யும், ரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான், அதுதான் முக்கியம். ஊசி, மூன்று நாள் மாத்திரை என்று வருடத்தில் எத்தனை தடவை என்பதைக் கணக்குப் பார்த்தால்தான் சர்க்கரை, எலும்பு, கண்புரை பற்றியெல்லாம் கவலைப்பட வேண்டியது எதற்கு என்று புரியும். பக்கத்து டாக்டரைக் குறை சொல்லவில்லை, நடு ராத்திரியில் கதவைத் திறப்பவர் அவர்தான். அடுத்த தடவை போட்ட ஊசியின் பேரையும் மாத்திரையின் பேரையும் மட்டும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கு இன்னொரு பயமும் இருக்கலாம், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நம் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு நெஞ்சு நோய் என்றாலே டிபிதான், டிபி என்றால் மதனப்பள்ளி சானடோரியம்தான். என் பாட்டி கடைசி வரைக்கும் இருமலை முந்தானையில் அமுக்கிக்கொண்டே இருந்தாள். ஆஸ்துமா தொற்றாது என்று அவரிடம் சும்மா ஒரு பேச்சோடு பேச்சாகச் சொல்லி வையுங்கள்.

அப்புறம் அந்தத் தாள். வகுப்பு முடியும்போது உங்கள் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை போட்டிருக்கும். பச்சையில் தினசரி மருந்து. மஞ்சளில், ராத்திரி எழுந்திருக்கிறீர்கள், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீலம் தேவைப்படுகிறது, மாடி ஏறினால் வாங்குகிறது என்றால் எதை எவ்வளவு கூட்டுவது, எத்தனை நாள் பார்ப்பது, எப்போது ஓபிக்கு வருவது என்று உங்கள் மருந்தின் பேரோடு டாக்டர் எழுதியிருக்க வேண்டும். சிலருக்கு ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டர் கொடுப்போம், நன்றாக இருக்கும்போது ஊதிய அதிகபட்ச அளவில் எண்பது சதவீதத்துக்கு மேல் பச்சை, ஐம்பதுக்குக் கீழே போனால் சிவப்பு. படிக்கத் தெரியாதவர்களுக்குப் பம்பின் மேலேயே சூரியனும் நிலாவும் வரைந்து ஒட்டுவேன், காலை, ராத்திரி.

சிவப்பை மட்டும் வகுப்பு வரைக்கும் காத்திருக்காமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே ஒரு தடவை அங்கே போய் வந்தவர். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை, நீலம் அடித்தும் தணியவில்லை அல்லது மூன்று நாலு மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்படுகிறது, உதடோ நகமோ நீலம் பாரிக்கிறது, ஆள் சோர்ந்து தூங்கி விழுகிறார்: இதில் எது ஒன்று வந்தாலும் 108-க்கு அடிக்க வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. விசில் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் மூச்சுக்குத் தவிக்கிறார் என்றால் வீட்டில் எல்லோரும் "தேவல போல" என்பார்கள். தேவலை இல்லை, காற்றே போகவில்லை என்று அர்த்தம், அதுதான் இருப்பதிலேயே மோசம். வண்டி வரும் வரைக்கும் படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசரில் நீலம் ஒவ்வொரு பஃப்பாக நாலு, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மூச்சு இழுத்து, தணியாவிட்டால் இருபது நிமிடத்தில் மறுபடி, வழியிலும் தொடரலாம். பேர்ணாம்பட்டிலிருந்து வேலூர் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அந்த நேரத்தில் குடியாத்தம் அரசு ஆஸ்பத்திரி கிட்டே என்றால் அங்கே போய் ஆக்சிஜனும் நெபுலைசரும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிறகு யோசியுங்கள். உலகத்தில் ஆஸ்துமா உள்ளவர்களில் சுமார் எட்டில் ஒருவர் இந்தியர், ஆஸ்துமாவால் இறப்பவர்களிலோ ஐந்தில் இரண்டு பேர் இந்தியர், இது 2019-ஆம் வருடத்துக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கு. மருந்து இல்லாத நாடு இல்லை இது. தினசரி பம்பை நிறுத்திவிட்டு நீலத்தை நம்பி இருப்பவர்களும், விடியட்டும் என்று காத்திருப்பவர்களும் அதில் நிறையப் பேர் என்பது என் எண்ணம்.

உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதினீர்கள், நான் அதை இரண்டு தடவை படித்தேன். பசை ஒட்டும் பிரிவில் ஐந்து வருடத்துக்கு முன்னால்தான் சேர்ந்தீர்களா? வீசிங்கும் ஐந்து வருடம் என்கிறீர்களே. ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை லீவிலும் மூச்சு லேசாக இருக்கிறதா, திங்கள் செவ்வாயில் திரும்ப ஏறுகிறதா, ஒரு மாதம் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். சில பசைகளில் சேர்க்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவையே புதிதாக உண்டாக்கக்கூடியது, தோல் பதனிடும் தொழிலில் குரோமியம் உப்பும் சிலருக்கு அப்படித்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் "என்ன வேலை" என்று கேட்பதோடு நிறுத்தாமல் "எந்தப் பிரிவு" என்றும் கேட்கப் பழகிக்கொண்டேன். அப்படி இருந்தால் மருந்து மட்டும் போதாது, இடம் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கும், அதற்கு டாக்டரின் கடிதம் வேண்டும், டாக்டர் கடிதம் கொடுக்க உங்கள் குறிப்பு வேண்டும். கர்ச்சீப் கட்டினால் தூசி கொஞ்சம் நிற்கும், ரசாயன ஆவி நிற்காது. நீங்களாக வேலையை விட்டுவிடாதீர்கள், முதலில் சொல்லுங்கள். உடம்பு வலி என்று கம்பெனியில் கைமாற்றாகக் கிடைக்கும் வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம், ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை சில ஆஸ்துமாக்காரர்களுக்குக் கடுமையாகச் சேராது.

சாப்பாட்டில் இதைத் தொடாதே அதைத் தொடாதே என்று இதற்குள் ஒரு பட்டியல் வந்திருக்கும். வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு, அப்புறம் கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய். நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயை விடச் சொன்னால் அது தண்டனை. சாப்பிட்ட சிறிது நேரத்தில் ஒவ்வொரு தடவையும் தடிப்போ இளைப்போ வந்தால் அந்த ஒன்றை விடுங்கள், மற்றபடி சாப்பிடுங்கள். தடுக்க வேண்டியது மூக்கு வழியாகப் போவதை: கொசுவர்த்தி, விறகுப் புகை, வீட்டுக்குள் பீடி, ஊரில் பீடி சுற்றுகிற வீடாக இருந்தால் புகையிலைத் தூள், போகியன்று விடியலில் தெருவில் டயர் கொளுத்தும் புகை. அன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருங்கள், யார் என்ன சொன்னாலும் சரி. ஜூன் மாதம் யாராவது ஹைதராபாத் மீன் மருந்துக்கு (மருந்து வைத்த மீன்குஞ்சை உயிரோடு முழுங்கவைப்பது) காட்பாடியில் ரயில் ஏற்றப் பார்ப்பார்கள். போகிறவர்களை நான் தடுத்து ஜெயித்ததில்லை, அதில் குணமாகும் என்பதற்கு ஆதாரமும் பார்த்ததில்லை. போகிற பையில் இரண்டு பம்பும் இருக்கட்டும் என்று மட்டும் சொல்வேன்.

மகள் விஷயம் தனி. ராத்திரி இருமல் எல்லாம் ஆஸ்துமா இல்லை, ஆனால் அம்மாவுக்கு இருந்து, பிள்ளைக்கும் ராத்திரியிலும் ஓடி விளையாடினாலும் இருமல் வந்தால் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் பம்பை அவளுக்கு அடித்துப் பார்க்காதீர்கள். குழந்தைகள் ஓபியில் காட்டுங்கள். ஆஸ்துமா என்றால் அவளுக்கும் ஸ்பேசர்தான், ஏழு வயதில் முகமூடி தேவைப்படாது, வாயில் வைத்தே இழுப்பாள், பார்க்கப்போனால் பெஞ்சில் என் நல்ல மாணவர்கள் அந்த வயதுப் பிள்ளைகள்தான். ஒரு தடவை காட்டினால் பிடித்துக்கொள்வார்கள், வீட்டுக்குப் போய் "அம்மா, நீ குலுக்கலை" என்று பெரியவர்களை அதட்டவும் செய்வார்கள்.

இனி சம்பளம். அடுத்த ஓபி தேதிக்கே வகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இதற்கென்று தனியாக ஒரு நாள் வர வேண்டாம். ஓபி சீட்டு போடும்போதே "போன தடவை வகுப்பு விட்டுப்போச்சு, எத்தனை மணிக்கு, எந்த அறை" என்று கேளுங்கள். பல இடங்களில் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரத்திலேயே நர்ஸ் வந்து உட்காரவைத்துப் பார்த்துவிடுவார், கேட்கிறவர்களுக்குத்தான் அது கிடைக்கும். ஆஸ்பத்திரிக்கு வந்ததற்கான சீட்டு வாங்கி சூப்பர்வைசரிடம் கொடுங்கள். ஈஎஸ்ஐ அட்டை இருக்குமே, இந்த மருந்து அங்கே கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஒரு தடவை வந்தால் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். கற்றுக்கொண்ட முறை சில வாரத்திலேயே கை நழுவும், எல்லோருக்கும் நழுவும், அதனால் ஒவ்வொரு ஓபியிலும் "ஒரு தடவை பாருங்க சிஸ்டர்" என்று இரண்டு நிமிடம் அடித்துக் காட்டிவிட்டுப் போங்கள்.

வரும்போது பையில் எல்லாவற்றையும் போட்டு எடுத்து வாருங்கள்: இரண்டு பம்பு, அலமாரியில் இருக்கும் ஸ்பேசர், பக்கத்து டாக்டரின் மாத்திரைப் பொட்டலத்தில் மிச்சம் இருந்தால் அது, நாள்காட்டித் தாள். தீர்ந்துபோன பம்புகளையும் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள். தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள், அது சரியாகக் காட்டாது, குலுக்கினால் சத்தம் வருவதை வைத்தும் சொல்ல முடியாது, மருந்து முடிந்த பிறகும் காற்று மட்டும் வந்துகொண்டிருக்கும். பம்பின் மேல் 120 என்றோ 200 என்றோ மொத்தப் பஃப் கணக்கு போட்டிருக்கும், காலை இரண்டு ராத்திரி இரண்டு என்றால் 120 சரியாக ஒரு மாதம், 200 ஐம்பது நாள். தொடங்கிய தேதியைப் பேனாவால் அதன் மேலேயே எழுதிவிடுங்கள். நீங்கள் நிறுத்திய அந்த இரண்டாவது பம்பின் மேல் இன்றைய தேதியை எழுதுங்கள்.